பத்தால் வகுத்தால் ஒரு தும்மல்

ஜனவரி 8

எட்டுத் திசையும் அதிரப் பிளிறும் என் பட்டத்து யானைக்கு, லிஃப்டுகளின் மாமன்னரும் உன் தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. இங்கே நான் நலம். யானையின் எடை ஒரு பூனைக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் என்று பொறாமைக்காரர்கள் சொல்கிறார்கள். நீ காதில் போட்டுக்கொள்ளாதே.

முகமூடி போட்டு மூச்சுக்காற்று கொடுக்கிறார்கள், பேசினால் உனக்கு இரைக்கிறது, அதனால் இனி கடிதம்தான் என்று உன் அம்மா சொன்னாள். நல்லதாகப் போயிற்று. ஃபோனில் பொய் சொன்னால் நடுவில் நீ சிரித்துவிடுவாய். கடிதத்தில் முழுதாகச் சொல்லலாம்.

இப்போது ஒரு கதை. இதை யாருமே நம்ப மாட்டார்கள் என்று என் ஸ்பானர் பெட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

நான் பழுது பார்க்கும் ஒரு கட்டடம். அதன் மொட்டை மாடியில் நின்று கையை நீட்டினால் நிலாவில் தூசி தட்டலாம். நான் தட்டியிருக்கிறேன், இரண்டு நாள் தும்மல். அங்கே ஒரு லிஃப்ட், ஆறாவது மாடி வரை மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போகும். ஏழு என்ற பொத்தானை அழுத்தினால் உடம்பெல்லாம் உதறி நடுவழியில் நின்றுவிடும். மோட்டாரைக் கழற்றினேன். கம்பிகளை இழுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கடைசியில் சுவரில் காதை வைத்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு மாமா" என்கிறது லிஃப்ட்!

நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "பொத்தானைப் பார்க்காதே. என் புருவத்தைப் பாரு. உன்னைவிட நான்தான் பயந்திருக்கேன்னு தெரியும்" என்றேன். அது பார்த்தது.

மீதியைப் பதில் வந்த பிறகு சொல்கிறேன். மருந்தைத் துப்பாமல் விழுங்கு.

உன் மாமா


ஜனவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

நான் கொஞ்சம் நலம். நீங்கள் நலமா?

உங்கள் கடிதம் வந்தது. எங்கள் வார்டில் பெரிய சிஸ்டர் படிக்காமல் ஒரு காகிதமும் உள்ளே வராது. அவங்க படிச்சு, அப்புறம் இரண்டு கதவுக்கு நடுவில் இருக்கிற பெட்டியில் ஊதா வெளிச்சத்தில் காய வெச்சு, அப்புறம்தான் எனக்கு. உங்க கடிதத்தைப் படிச்சிட்டு அவங்க சிரிக்கவே இல்லை. "உங்க மாமா நிலாவுக்குப் போனாரா?" என்று கேட்டாங்க. நிஜமாகவே கேட்டாங்க மாமா.

அப்பா சொல்றாங்க, மாமா எது சொன்னாலும் பத்தால் வகுத்துக்கணுமாம். நிலாவைப் பத்தால் வகுத்தால் தெருவிளக்கு வரும். அது சரியாக இருக்கும்.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்க. என் உள்ளே இருக்கிற வைரஸ் பெரியவங்க நிறையப் பேருக்குள்ளே சும்மா தூங்கிட்டு இருக்குமாம். அவங்க உடம்பில் காவல்காரங்க இருக்காங்க, அதனால் எழுந்திருக்காது. நான் பிறக்கும்போதே காவல்காரங்க இல்லாமல் பிறந்துட்டேன். அதனால் அது எழுந்து என் நுரையீரலில் ஓடி விளையாடுது.

லிஃப்ட் மேலே போச்சா? நானும் ஏழாவது மாடிதான்.

இப்படிக்கு,
யானை


ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலம்தானே? இங்கே நலம் என்று எழுத வழக்கம், எழுத முடியவில்லை.

அவளுக்குத் தெரியாததை உனக்கு எழுதுகிறேன். வாரா வாரம் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று ஓர் எண் சொல்கிறார்கள். ஏறிக்கொண்டே போகிறது. மருந்தைக் கூட்டினால் சிறுநீரகம் தாங்காது, குறைத்தால் வைரஸ் அடங்காது என்கிற நிலை வந்துவிட்டது. எலும்பு மஜ்ஜை கொடுக்க ஒருவர் தயாராக இருக்கிறார். ஆனால் இந்த எண் இறங்காமல் மஜ்ஜை மாற்ற மாட்டார்கள்.

முதல் குழந்தையை நாம் எதனால் இழந்தோம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. சாதாரணச் சளி என்றார்கள். எங்கள் இருவர் ரத்தத்திலிருந்தும் வந்த குறை என்பது இவள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. இந்த முறை எல்லாம் தெரிகிறது. தெரிந்துகொண்டே கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன்.

ஒரு வழி இருக்கிறதாம். இந்த வைரஸை ஒருமுறை வென்ற உடம்பில் அதை அடையாளம் தெரிந்த வெள்ளை அணுக்கள் இருக்கும். பாதியாவது பொருந்துகிற உறவுக்காரர் ஒருவரிடமிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து இவளுக்கு ஏற்றலாம். எனக்கும் உன் மாப்பிள்ளைக்கும் இந்த வைரஸ் வந்ததே இல்லை. எங்கள் அணுக்களுக்கு அதை யாரென்றே தெரியாது. டிசம்பரில் நீ கொடுத்த ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. உனக்கு எப்போதோ வந்து, உனக்கே தெரியாமல் போயிருக்கிறது. பொருத்தமும் இருக்கிறது. நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

இரண்டு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய் மறு கை வழியாகத் திரும்பும். சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு சின்னக் குழாய் ரத்தத்துக்கே நீ நாற்காலியோடு சாய்ந்தாய். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தவர்களைப் பார்த்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டவன் நீ. அதனால்தான் ஃபோனில் கேட்கவில்லை. ஃபோனில் சிரித்து மழுப்பிவிடுவாய். எழுத்தில் சொல். முடியுமா, முடியாதா?

தங்கை


ஜனவரி 23

அருமைத் தங்கைக்கு ஆசிகள். நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

முடியுமாவா? யாரைப் பார்த்து என்ன கேள்வி? அறுபது மாடிக் கட்டடத்தின் கம்பியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டே தலை வாரியவன் நான். இரண்டு ஊசி எனக்குக் காதுகுத்து மாதிரி. இருபது குத்தச் சொல். என் வெள்ளை அணுக்கள் ஒவ்வொன்றும் மீசை வைத்தவை என்று டாக்டரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவை, பூதக்கண்ணாடியில் பார்த்து மிரண்டுவிடப் போகிறார்.

பிப்ரவரி பன்னிரண்டு என்று ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். லீவு சொல்லிவிட்டேன். வருகிறேன்.

அண்ணன்

பின்குறிப்பு: அந்த ஊசி எவ்வளவு பெரியது?


பிப்ரவரி 2

பட்டத்து யானையின் சமூகத்துக்கு, மாமன்னர் எழுதும் போர் ஓலை. நலமா? மூச்சு முட்டாமல் தூங்குகிறாயா?

உன் நுரையீரலில் ஓடி விளையாடும் அந்தப் பயலுக்குப் பாடம் புகட்ட என் படையைத் திரட்டிவருகிறேன். நேற்றுப் படைக்குப் பயிற்சி கொடுத்தேன். பயிற்சி முடிவில் ஒரு தும்மல் தும்மினேன் பார், எதிர்வீட்டு ஜன்னல் கழன்று அடுத்த தெருவில் போய்ப் பொருந்திக்கொண்டது. அங்கே ஏற்கெனவே ஜன்னல் இல்லையாம், அவர்கள் வந்து நன்றி சொன்னார்கள். இரண்டாம் தும்மலில் பேருந்து ஒன்று பின்னாலேயே போய்ப் புறப்பட்ட இடத்தில் நின்றது. பயணிகள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள். படையின் ஆவேசத்தில் எனக்குக் காய்ச்சல் வேறு. நெற்றியில் ஈரத்துணி போட்டால் இஸ்திரி போட்ட மாதிரி மடிப்பு விழுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு சட்டை கொண்டுவந்து, "சார், இதையும் கொஞ்சம்..." என்று நிற்கிறார்.

லிஃப்ட் இன்னும் நடுவில்தான் நிற்கிறது. ஆனால் என் புருவத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

உன் மாமா


பிப்ரவரி 6

ஐயா,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று எழுத இயலாததற்கு வருந்துகிறேன்.

வார்டுக்குள் போகும் கடிதங்களைப் படிப்பது என் பொறுப்பு. இரண்டாம் தேதியிட்ட தங்கள் கடிதத்தில் தங்களுக்குக் கடுமையான தும்மலும் நெற்றியில் அதிகச் சூட்டுடன் காய்ச்சலும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல், பேருந்து பற்றிய விவரங்களை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தும்மலையும் காய்ச்சலையும் எடுத்துக்கொண்டேன்.

சளி, காய்ச்சல் உள்ளவரிடமிருந்து அணுக்களை எடுத்து இந்தக் குழந்தைக்கு ஏற்ற முடியாது. நமக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகவைக்கும் கிருமி அவளைப் படுக்கையிலிருந்து எழவிடாது. டாக்டரிடம் தெரிவித்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதிப் பட்டியலிலிருந்து தங்கள் பெயர் நீக்கப்பட்டது. அந்த இயந்திரம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.

விரைவில் குணமடைய வேண்டுகிறேன். ஓய்வெடுக்கவும். வெந்நீர் குடிக்கவும்.

இப்படிக்கு,
தலைமைச் செவிலியர்


பிப்ரவரி 7

அண்ணா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

பெரிய சிஸ்டரிடம் மன்றாடிப் பார்த்தேன். "அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் சிஸ்டர், வாயைத் திறந்தால் வண்டி வண்டியாக வரும், நாங்கள் பத்தால் வகுத்துக்கொள்வோம்" என்றேன். அவங்க நிதானமாகக் கேட்டாங்க: "சரிம்மா. பத்தால வகுத்தாலும் ஒரு தும்மல் மீதி வருதே. அந்த ஒண்ணுக்கு நீங்க பொறுப்பா?"

நீ தும்மினாயா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நீ சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. கேட்கத் தேவை வரவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தத் தும்மல் கடிதம் சிஸ்டர் கையில்தான் முதலில் போகும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினாயா? ஊசிக்குப் பயந்து, நேராகச் சொல்ல வாய் வராமல், இப்படி ஒரு வழி பண்ணினாயா? பயம் என்றால் பயம் என்று சொல்லியிருக்கலாமே. நான் திட்டியிருக்க மாட்டேன். வேறு எங்காவது கேட்டிருப்பேன், காலில் விழுந்திருப்பேன்.

நேற்றிலிருந்து மூச்சுக்காற்றைக் கூட்டியிருக்கிறார்கள். எழுத உட்கார முடியவில்லை அவளுக்கு. நீ வருகிற நாள் எது என்று சைகையில் கேட்கிறாள்.

தங்கை


பிப்ரவரி 9

தலைமைச் செவிலியர் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். அந்த மூன்றிலும் ஏதோ ஒரு யானை வந்துவிட்டது.

எனக்குச் சளி இல்லை. காய்ச்சல் இல்லை. இரண்டாம் தேதி தும்மல் வரவில்லை. அதற்கு முன்னால் எப்போது வந்தது என்று நினைவில்லை. ஜன்னல் கழலவில்லை. குழந்தை சிரிக்க வேண்டும் என்று எழுதினேன். நீங்கள் செய்தது சரி. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் ஆட்டம் காண்கிற லிஃப்டை ஓட விடமாட்டேன், அது என்ன சமாதானம் சொன்னாலும்.

எனக்கு ஊசி என்றால் பயம். சின்ன வயதிலிருந்து. காரணம் தெரியாது. அதற்காகக் காய்ச்சல் என்று எழுதவில்லை. இதை என் தங்கையிடம் நீங்கள் சொன்னால் நம்புவாள், நான் சொன்னால் நம்புவாளா என்று தெரியவில்லை.

நான் எழுதுவதை நம்ப வேண்டாம். மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துச் சோதித்துப் பாருங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவன் நான்தான். உங்கள் ஆஸ்பத்திரியில் கீழே, மருந்துக்கடைக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இயந்திரம் எப்போது காலியானாலும் கூப்பிடுங்கள்.

அவளுக்கு ஒன்பது வயது. அவளையும் தங்கையையும் விட்டால் எனக்கு யாரும் இல்லை.

இப்படிக்கு,
அவள் மாமா


மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போட்டாய், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கை வீக்கம் வற்றிவிட்டதா?

உன்னிடம் ஒன்று சொல்லாமலே அனுப்பிவிட்டேன். சோதனைகளில் உனக்குச் சளி இல்லை என்று வந்து, கடைசியில் இயந்திரத்தோடு நீ படுத்திருந்தபோது கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஒரு நகைச்சுவை கூட இல்லை உன் வாயில். வாழ்க்கையில் முதல்முறையாக உன்னைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. பெரிய சிஸ்டர் வெளியே வந்து என்னிடம் புகார் பண்ணினாங்க: "என்னம்மா உங்க அண்ணன், இமை கொட்டாம என் புருவத்தையே முறைச்சுப் பார்க்கறாரு? ஏதாவது ஒட்டியிருக்கா?"

அணுக்கள் போன வாரம் தயாராகி வந்தன. ஒரு சின்னப் பை, அரை டம்ளர் கூட இராது. இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்தேன். ஏற்றி முடித்த அன்று அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. அணுக்கள் வேலை செய்கிற காய்ச்சலா, வேறு ஏதாவதா என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. இந்த வார எண் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. "பொறுத்திருங்க" என்கிறார்.

நான் அந்தக் கடிதத்தில் கேட்டதை மனதில் வைத்திருக்கிறாயா? நான் கேட்டிருக்கக் கூடாது. எழுது அண்ணா. அவள் தினமும் பெட்டியைப் பார்க்கிறாள்.

தங்கை


மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? நான் படுத்துக்கொண்டே சொல்கிறேன், பெரிய சிஸ்டர் எழுதுறாங்க. அதனால் எழுத்து அழகாக இருக்கும்.

நீங்கள் ஏன் கடிதம் போடவில்லை? கேட்டுக்கொண்டே இருந்தேன், அதனால் சிஸ்டர் உங்கள் பழைய கடிதம் ஒன்றைக் காட்டினாங்க. அவங்களுக்கு நீங்கள் எழுதினது. பொய்யே இல்லாதது.

மாமா, அது நல்லாவே இல்லை. ஒரு யானை கூட இல்லை. நீங்க எழுதின மாதிரியே இல்லை, யாரோ பெரியவங்க எழுதின மாதிரி இருக்கு. இனிமேல் அப்படி எழுதாதீங்க.

உங்கள் படை உள்ளே வந்துவிட்டது. முதலில் காய்ச்சல் அடித்தது. உங்க ஆளுங்கதானே, சத்தம் போட்டுத்தான் வருவாங்க என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா திரும்பிக்கொண்டாங்க.

லிஃப்ட் என்ன ஆச்சு? ஜனவரியிலிருந்து நடுவிலேயே நிற்குது. பாவம்.

இப்படிக்கு,
யானை

செவிலியர் குறிப்பு: நேற்றைய எண் முந்தைய வார எண்ணில் பாதிக்கும் கீழே. டாக்டர் இன்னும் சிரிக்கவில்லை. அடுத்த எண்ணையும் பார்க்க வேண்டும் என்கிறார். நானும் சிரிக்கவில்லை. தாங்கள் இனி தும்மல், காய்ச்சல் முதலியவை பற்றித் தாராளமாக எழுதலாம். ஆனால் மேலே பெரிய எழுத்தில் 'பொய்' என்று தலைப்பிட்டு அனுப்பவும்.


ஏப்ரல் 5

பொய்

(தலைமைச் செவிலியர் ஆணைப்படி)

மூவுலகும் வணங்கும் பட்டத்து யானைக்கு, மாமன்னர் எழுதுவது. நலம், நலம், நலம். மறுபடியும் எண் இறங்கியது என்று உன் அம்மா ஃபோனில் சொன்னாள். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஃபோன் கம்பெனிக்காரன் கொள்ளை லாபம் பார்த்து, அந்தப் பணத்தில் ஒரு மலை வாங்கிவிட்டான். அடுத்த வாரம் உனக்கு மஜ்ஜை. அதற்குள் இந்தக் கதையை முடித்துவிட வேண்டும்.

என் படை உன் நுரையீரலுக்குள் நுழைந்தபோது அந்த வைரஸ் பயல் சாய்ந்து உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். என் ஆட்கள் மீசையை முறுக்கி, "டேய், எங்களைத் தெரியுதா?" என்றார்கள். பயல் எழுந்தான். "நீங்களா! அந்த லிஃப்ட்காரன் உடம்பிலேயே உங்ககிட்ட வாங்கினேனே!" என்று அலறிக்கொண்டு ஓடினான். இப்போது வார்டின் பின் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பெரிய சிஸ்டர் ஒளித்துவைத்திருக்கிறார்.

லிஃப்ட்? அது என் புருவத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்துவிட்டது. பிறகு ஏறிற்று பார், ஏழு, எட்டு, மொட்டை மாடி, கூரையைப் பிய்த்துக்கொண்டு நிலா வரை. அங்கே தூசி எல்லாம் தட்டியாயிற்று. நீ வரும்போது தும்ம வேண்டியிராது.

இங்கே ஒரு கோடு போடுகிறேன். தலைப்பு இந்தக் கோடு வரைக்கும்தான் செல்லும் என்று சிஸ்டரிடம் சொல்லிவிடு.

———

டிசம்பரில் ரத்தம் கொடுக்க வந்த அன்று, உங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றது. பழுது ஒன்றும் இல்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினவன் நான். உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மேலே வந்தேன், நாற்காலியோடு சாய்ந்தேன். தெளிந்ததும் உன் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அப்போது உனக்கு முகமூடி இல்லை. உன் கையில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தார்கள். நீ ஸ்பீக்கர் வழியாகச் சொன்னாய்: "மாமா, ஊசியைப் பார்க்காதீங்க. போடுறவங்க புருவத்தைப் பாருங்க. நம்மளவிட அவங்கதான் பயந்திருப்பாங்க."

நீ மறந்திருப்பாய். எனக்கு அதை வைத்துத்தான் பிப்ரவரி போயிற்று.

கதையில் அந்த ஒரு சின்ன இடம் மட்டும் உண்மை, யானை. ஆட்களை மட்டும் மாற்றி எழுதிவிட்டேன். பயந்து நடுவில் நின்ற லிஃப்ட் நான். பக்கத்தில் உட்கார்ந்து பழுது பார்த்தது நீ. இதை மட்டும் பத்தால் வகுக்க வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல்.

உன் மாமா